பெல்ட் போச்சு... பாட்டு போகலை!

உடுமலைப்பேட்டை வீட்டுப் பீரோக்களில் தூங்குகின்றன வாக்மேன்களும் டேப் ரெக்கார்டர்களும் ஐபாட்களும். கைப்பேசிக் காலத்தில் அவற்றை இன்னும் எதற்கு வைத்திருக்க வேண்டும்?

2024-ல் இரண்டு பாட்டுக் கடைகள் ஷட்டரை இறக்கின. ஜனவரியில் ‘ரெஸ்ஸோ’ இந்தியாவை விட்டுப் போனது. அதே ஆண்டில் ஏர்டெல்லின் ‘விங்க் மியூசிக்’கும் மூடப்பட்டது. இரண்டுமே கைப்பேசிச் செயலிகள். அவற்றில் இருந்த பாட்டுகள் அழிந்துபோகவில்லை. வேறு செயலிகளில் கிடைக்கின்றன. ஆனால் தூக்கம் வராத ராத்திரிக்கு, அம்மாவுக்கு, கார் பயணத்துக்கு என்று பார்த்துப் பார்த்து அடுக்கிய வரிசை? குத்தகைக் காட்டில் தென்னம்பிள்ளை வைத்த கதைதான். தண்ணீர் ஊற்றியது நாம், நிலம் வேறொருத்தருடையது.

உடுமலைப்பேட்டையில் கொஞ்சம் பழைய வீடாகப் பார்த்து, பீரோவின் மேல்தட்டைத் துழாவச் சொல்லுங்கள். கல்யாணப் பத்திரிகைகளுக்கும் நிலப் பத்திர நகல்களுக்கும் நடுவே நாலைந்து கேசட்டாவது அகப்படும். அட்டையில் நீல மை பால்பாயிண்டில் பாட்டு வரிசை எழுதியிருக்கும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் யாரோ தேர்ந்தெடுத்த பாட்டுகள், அதே வரிசையில், இன்றைக்கும் அதற்குள் இருக்கின்றன. எந்த நிறுவனம் கடையைக் கட்டினாலும் அதற்கு ஒன்றுமில்லை. போயிருப்பது அதை ஓட்டும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு ரப்பர் பெல்ட் மட்டும்தான்.

சோனி எடுத்துப்போட்ட சிவப்புப் பொத்தான்

கையடக்கப் பாட்டுப்பெட்டியின் கதை 1963-ல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் தொடங்குகிறது. பிலிப்ஸ் நிறுவனம் தன் கேசட்டை அங்கேதான் முதலில் காட்டியது. லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு உருவாக்கியது அது. சட்டைப் பைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் கூடு; உள்ளே நான்கு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத நாடா. நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் நாடா நகர வேண்டும் என்பது கணக்கு. நாம் ‘சிக்ஸ்டி’ என்று கேட்டு வாங்கிய கேசட்டில், ஒரு பக்கத்து அரை மணி நேரத்துக்கு ஏறக்குறைய 86 மீட்டர் நாடா ஓடும்.

1979 ஜூலை 1-ல் ஜப்பானில் சோனியின் வாக்மேன் விற்பனைக்கு வந்தது. மாடல் பெயர் டிபிஎஸ்-எல்2, விலை 33,000 யென். பத்திரிகையாளர்கள் பேட்டி எடுக்கப் பயன்படுத்திய ‘பிரஸ்மேன்’ என்ற சின்ன ரெக்கார்டரில் பதிவு செய்யும் பகுதியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோவில் கேட்கும் பகுதியைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். விமானப் பயணத்தில் பாட்டுக் கேட்க ஒரு பெட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டவர் சோனியின் மசாரு இபுகா. சந்தைக்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று நின்றவர் அகியோ மொரிட்டா. பதிய முடியாத ரெக்கார்டரை எவன் வாங்குவான் என்று சோனிக்குள்ளேயே முணுமுணுத்தார்கள். முதல் மாதம் சுமார் 3,000 பெட்டிகளே விற்றன. ஆகஸ்ட் முடிவதற்குள் தயாரித்து வைத்திருந்த 30,000-மும் காலி!

அந்த முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் துளைகள் இருந்தன. இரண்டு பேர் சேர்ந்து கேட்கலாம். ஆரஞ்சு நிறப் பொத்தானை அழுத்தினால் பாட்டின் சத்தம் குறைந்து, பக்கத்தில் இருப்பவர் பேசுவது ஒரு சின்ன மைக் வழியாகக் காதில் விழும். தனியாகப் பாட்டுக் கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று செய்தவர்களுக்கே தயக்கம். உலகம் தயங்கவில்லை. பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் போயே போய்விட்டது.

நம் ஊர்க் கதை வேறு மாதிரி. இங்கே வாக்மேன் வாய்த்தது சிலருக்குத்தான். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது கொண்டுவர வேண்டும். ஊரை ஆண்டது ‘டூ-இன்-ஒன்’. ரேடியோவும் டேப்பும் ஒன்றாக இருக்கும். நாலோ ஆறோ பெரிய செல் போட்டால் கையில் தூக்கிக்கொண்டு போகலாம். திருமூர்த்திமலைக்குக் கூட்டமாகப் போனால் புளிசாதத் தூக்குப்போசியோடு அதுவும் வரும். செல் தீர்ந்து பாட்டு இழுக்க ஆரம்பித்தால், கழற்றி வெயிலில் காயவைத்து இன்னும் நாலு பாட்டு ஓட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சோனி எடுத்துப்போட்ட சிவப்புப் பொத்தான் இதில் இருந்தது. அதை அழுத்தினால் நம் குரலே பதியும். இந்தப் பெட்டிக்குக் கொங்குச் சீமை வைத்த பெயர் பாட்டுப்பெட்டி அல்ல, ‘டேப் ரெக்கார்டர்’.

லிஸ்ட் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க

பாட்டுக்கு உடுமலை புதிதல்ல. பக்கத்துப் பூளவாடியில் 1899-ல் பிறந்தவர் உடுமலை நாராயணகவி. ‘வேலைக்காரி’, ‘பராசக்தி’, ‘தேவதாஸ்’ என்று அவர் எழுதிய படங்களின் பாட்டுகளை இந்த ஊர் முதலில் கேட்டது டூரிங் டாக்கீஸிலும், கல்யாண வீட்டு மைக் செட்டில் சுழன்ற இசைத்தட்டிலும். அப்புறம் இலங்கை வானொலி, கோவை வானொலி. இவை எல்லாவற்றிலும் ஒன்று பொது: எந்தப் பாட்டு, எப்போது என்பதை வேறு யாரோதான் முடிவு செய்தார்கள். நாராயணகவி 1981-ல் காலமானார். எந்தப் பாட்டு என்று முடிவு செய்வது நம் கைக்கு வந்ததும் அதையொட்டிய வருஷங்களில்தான்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவை ரெக்கார்டிங் கடைகள். தமிழ்நாட்டின் எந்தச் சிறு நகரத்திலும் எண்பதுகளில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இரண்டு மூன்று இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இசைத்தட்டு அட்டைகள், மேஜையில் தடிமனாக ஒரு நோட்டு. நோட்டில் படவாரியாகப் பாட்டு எழுதியிருக்கும்.

“ஏனுங்க, இதுல எத்தன பாட்டுங்க புடிக்கும்?”

“சிக்ஸ்டின்னா பன்னெண்டுங்க. நைன்டி வாங்கிக்குங்க, பதினெட்டு போட்டுத் தர்றனுங்க. லிஸ்ட் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, வெள்ளிக்கிழம வாங்கிக்கலாமுங்க.”

இந்தப் பேச்சு நடக்காத கடையே இருந்திருக்காது. பன்னிரண்டு பாட்டுதான் என்றால் யோசிக்க வேண்டியிருக்கும். எஸ்.பி.பி. எத்தனை, ஜானகி எத்தனை, சோகப்பாட்டு வேண்டுமா வேண்டாமா? பி பக்கம் முடிவதற்குள் கடைசிப் பாட்டு அறுந்துவிடாமல் இருக்கக் கடைக்காரர் மனக்கணக்காக நிமிஷங்களைக் கூட்டுவார். ‘பிரியா’ (1978) போல ஸ்டீரியோவில் பதிவான படம் என்றால், “ஹெட்போன்ல கேளுங்க, ரெண்டு காதுக்கும் தனித்தனியா வரும்” என்று ஒரு வார்த்தை கூடுதலாக வரும். கல்லூரிப் பையனின் காதல், தோட்டத்துச் சாளையில் காவல் இருப்பவரின் ராத்திரி, மில் ஷிப்ட் முடித்து வந்தவரின் மாலை எல்லாம் அந்த நோட்டின் வழியாகத்தான் கேசட்டுக்குள் இறங்கின.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பன்னிரண்டு பாட்டுகளில் ஒன்றுக்குக்கூடப் பாடியவருக்கோ இசையமைத்தவருக்கோ கேசட் நிறுவனத்துக்கோ ஒரு பைசா போகவில்லை. சட்டப்படி அது திருட்டுப் பிரதி. தட்டும் ஒரிஜினல் கேசட்டும் எட்டாத விலையில் இருந்த ஊருக்கு அது ஒன்றே வழியாக இருந்தது என்பதும் உண்மை. டி-சீரிஸ் போன்ற நிறுவனங்கள் விலையைக் குறைத்து ஒரிஜினலைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்தபோது பலர் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள்.

வீட்டில் ஒருவர் வாங்கினால் தெருவே கேட்டது. மார்கழி விடியலில் கோயில் கூம்பு ஒலிபெருக்கி, ஆடியில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு; தைப்பூசத்துக்கு உடுமலை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கும் பழனிக்கு நடந்துபோகும் காவடிக் கூட்டத்தோடு டி.எம்.எஸ். குரலில் முருகன். பொள்ளாச்சி, உடுமலை, பழனி ரூட்டில் ஓடிய தனியார் பஸ்களில் பாட்டு நன்றாக இருந்தால் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றவர்கள் உண்டு. தனிமைக்கு என்று ஜப்பான்காரர் செய்த பொருளை, கூட்டமாகக் கேட்கும் பொருளாக நாம் ஆக்கிக்கொண்டோம்.

காற்றும் ரப்பரும்

இன்றைக்கு ஒரு பழைய வாக்மேனை வெளியே எடுத்தால் அநேகமாக ஓடாது. பிளே அழுத்தினால் மோட்டார் மட்டும் மெல்லிசாக முனகும், நாடா நகராது. “செத்துப்போச்சுங்க” என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே மோட்டாரின் சுழற்சியை நாடா இழுக்கும் அச்சுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பெல்ட், வருஷக்கணக்கில் சும்மா கிடந்ததில் தளர்ந்திருக்கும், அல்லது உருகித் தார் மாதிரி ஒட்டியிருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் அதைத் துடைத்தெடுத்துவிட்டு, அதே அளவில் புதுப் பெல்ட் போட்டால் பெரும்பாலான பெட்டிகள் எழுந்துவிடும். அளவு முக்கியம். இறுக்கமாக இருந்தால் மோட்டார் திணறும். தொய்வாக இருந்தால் பாட்டு ஆடும். சென்னை ரிச்சி தெரு மாதிரியான எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளிலும் இணையக் கடைகளிலும் இன்னும் பெல்ட் கிடைக்கிறது.

அடுத்த எதிரி செல். தீர்ந்த செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து, ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, உள்ளே சர்க்யூட் போர்டு வரைக்கும் அரித்துவிடும். பெல்ட் போன பெட்டியைக் காப்பாற்றலாம், போர்டு போனதைக் காப்பாற்றுவது கஷ்டம்.

உடுமலைக்கென்றே ஒரு எதிரி இருக்கிறது: காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடித்துவரும் காற்றை நம்பித்தான் இந்த வட்டாரமெங்கும் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்று கொண்டுவரும் புழுதி, மூடி இல்லாத கேசட்டுக்குள் போய் நாடாவோடு சேர்ந்து, நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் தேய்க்கும். பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல மங்கினால், முதலில் ஹெட்டையும் அதற்குப் பக்கத்து ரப்பர் உருளையையும் துடைக்க வேண்டும். அப்படியும் தெளியவில்லை என்றால் ஹெட்டின் சாய்வு மாறியிருக்கும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கிறது. பாட்டு ஓடும்போதே அதை மயிரிழை அளவுக்குத் திருப்பி, தாளத்தட்டின் ‘சிக் சிக்’ எப்போது பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துவார் பழைய மெக்கானிக். மீட்டர் தேவையில்லை, காது போதும்.

சாயங்காலங்களில் பரம்பிக்குளம் ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்கால் கரையில் நடக்கும்போது நான் ஒரு பழைய வாக்மேனைத்தான் எடுத்துக்கொண்டு போகிறேன். குறைகள் நிறைய. பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்று நாடாவின் இரைச்சல் ஓயாது. பிடிக்காத பாட்டைத் தாண்ட முடியாது. தாண்டலாம் என்று ஓட்டினால் அடுத்ததின் பல்லவியும் போய்விடும். பக்கம் முடிந்தால் நின்று திருப்பிப் போட வேண்டும். ஒன்று மட்டும் சொல்வேன்: ஒரு பக்கம் முழுக்கக் கேட்கும் பழக்கம் திரும்பி வந்துவிட்டது. கைப்பேசியில் முதல் இருபது விநாடியில் தள்ளிவிட்ட பாட்டுகளின் மூன்றாவது சரணம் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

சக்கரம் சுழற்றிய காலம்

கேசட்டுக்குப் பின்னால் வந்தது ஐபாட். 2001 அக்டோபர் 23-ல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய முதல் ஐபாடில் 5 ஜிபி கொள்ளளவு. ஆயிரம் பாட்டு பிடிக்கும் என்று விளம்பரம். அதற்கு முன்பே, 1998-லேயே கொரியாவில் எம்பி3 பிளேயர் வந்துவிட்டது. சக்கரம் சுழற்றிப் பாட்டுத் தேடும் ஐபாட் கிளாசிக் 2014-ல் நின்றது. கடைசி ஐபாடான ‘டச்’ 2022 மே மாதத்தோடு விடைபெற்றது. ஜப்பானில் கேசட் வாக்மேன் தயாரிப்பை சோனி நிறுத்தியது 2010-ல்.

ஐபாட் வைத்திருப்பவர்கள் அதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. கேசட்டுக்குப் பெல்ட் என்றால் இதற்குப் பேட்டரியும் ஹார்டு டிஸ்க்கும். கிளாசிக் வகையில் பேட்டரியை மாற்றலாம். சுழலும் குட்டி ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்தும் பலகைகளும் வந்திருக்கின்றன. கனம் குறையும், சார்ஜும் நீடிக்கும். ஐடியூன்ஸ் தொல்லை வேண்டாம் என்றால் ‘ராக்பாக்ஸ்’ என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொண்டு, பென் டிரைவில் போடுவதுபோலப் பாட்டுகளைப் போடலாம். எல்லா மாடலுக்கும் அது ஒத்துவராது. உங்களுடையதைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இந்த ஊரில் ஐபாட் பரவலாக வந்ததில்லை. இங்கே அந்த இடத்தைப் பிடித்தது செல்போன் கடை. மெமரி கார்டைக் கொடுத்தால் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். கார்டு நிறையும் வரைக்கும் ஏற்றலாம் என்பதால் லிஸ்ட் எழுதும் வேலை போயிற்று. அதோடு தேர்வும் போயிற்று. இன்றைக்கும் தென்னந்தோப்பில், மாட்டுக் கொட்டகையில், டிவிஎஸ் எக்ஸ்எல் ஹேண்டில்பாரில் தொங்கியபடி பாடும் சீனப் பெட்டிகளுக்குள் இருப்பது அந்த மெமரி கார்டும் பென் டிரைவும்தான்.

பழைய ருசியைப் புதுப் பெட்டியில் விற்றுக் காட்டியது பழைய எச்எம்வி-யின் வாரிசான சரிகம நிறுவனம். 2017-ல் அது கொண்டுவந்த ‘கார்வான்’, பழைய டிரான்சிஸ்டர் மாதிரி உருவத்தில் 5,000 பாட்டுகளோடு வந்தது. தமிழுக்கும் தனிப் பெட்டி உண்டு. செயலி தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் பரிசாக அது மாறியது. குமிழைத் திருப்பினால் பாட்டு வர வேண்டும், வேறெதுவும் கேட்கக் கூடாது என்ற தேவை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

புதிதாக வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபியோ போன்ற நிறுவனங்கள் இப்போதும் புதுக் கேசட் பிளேயர் செய்கின்றன. ஆனால் இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி அவற்றில் இல்லை. எண்பது, தொண்ணூறுகளின் நல்ல வாக்மேனைச் சரிசெய்து வைத்துக்கொள்வது பல சமயம் மேல். பழையதை வாங்கும்போது செல் போடும் இடத்தைத் திறந்து பாருங்கள், இரண்டு காதிலும் சத்தம் வருகிறதா, வேகம் சீராக இருக்கிறதா என்று உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைப் போட்டுக் கேளுங்கள். “ஓடுமுங்க, பெல்ட்டு மட்டும்தானுங்க” என்பதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

பாட்டு கிடைக்கும், குரல்?

இதுவரை சொன்னதெல்லாம் ரசனை. ரசனைக்காக மட்டும் என்றால், பழைய பெட்டியை வைத்துக்கொள்வதும் போடுவதும் அவரவர் விருப்பம். சினிமாப் பாட்டு எங்கும் போகாது. கைப்பேசியிலேயே நன்றாகக் கேட்கலாம். பழைய பிளேயர் வீட்டில் அவசியம் இருக்க வேண்டியதற்கு வேறு காரணம் இருக்கிறது. அது நம் குரலைப் பதிந்த அந்தச் சிவப்புப் பொத்தான்.

1964-ல் பிரெண்டா பெக் என்ற ஆய்வு மாணவி, காங்கயத்துக்குப் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கினார். மறு வருஷம் உடுக்கைப் பாட்டுக்காரர்கள் பல இரவுகள் பாடிய அண்ணன்மார் கதையை டேப்பில் பதிந்தார். பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி ஆகியோரின் அந்தக் கதை கொங்கு வேளாண் குடிகளின் காவியம். தலைமுறை தலைமுறையாக வாயிலேயே வாழ்ந்தது. அந்த நாடாக்களிலிருந்து பிறந்தவைதான் அவருடைய ‘த த்ரீ ட்வின்ஸ்’ (1982) என்ற ஆய்வு நூலும், 1992-ல் தமிழும் ஆங்கிலமுமாகச் சென்னையில் வெளிவந்த கதை நூலும். பின்னாளில் அதை 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் ஆக்கினார். அந்த ராத்திரிகளில் டேப் ஓடியிருக்காவிட்டால், பாடியவர்களின் தாளமும் மூச்சும் அவர்களோடு போயிருக்கும்.

அடுத்த இருபது முப்பது வருஷங்களில் அதே வேலையை நம் வீடுகள் தெரியாமலே செய்தன. பாட்டியின் ஒப்பாரி, கல்யாணத்தில் சொன்ன மங்கல வாழ்த்து, நோம்பியில் பாடிய கும்மி, குழந்தையின் மழலை, வளைகுடாவிலிருந்து அப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட், ரேடியோவிலிருந்து பிடித்த ஒலிச்சித்திரத்துக்கு நடுவே “டேய், கதவைச் சாத்துடா” என்று பதிந்துவிட்ட தாத்தாவின் அதட்டல். வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவை மாவட்டத்தின் பத்ரப்பன் 2024-ல் பத்மஸ்ரீ பெற்றார். இன்று ஊர் ஊராகக் கும்மி பழகுகிறார்கள். அந்தப் பாட்டுகளின் பழைய மெட்டு செயலிகளில் கிடைப்பது அரிது; யார் வீட்டுப் பீரோவிலாவது இருக்கலாம்.

நாடா சாகாவரம் பெற்றதல்ல. காந்தப் பூச்சு ஈரத்திலும் வெப்பத்திலும் மெல்ல உதிரும். நைன்டி கேசட்டின் நாடா சிக்ஸ்டியைவிட மெலிசு, எளிதில் இழுபடும். அதைவிட வேகமாகக் குறைந்துவருவது, ஓட்டிக் காட்டும் பெட்டியும் சரிசெய்யத் தெரிந்த ஆளும்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரோவைத் திறந்து முதலில் பிளேயருக்குள் இருக்கும் செல்லைக் கழற்றுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு ஓரத்திலும் குட்டிப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். வீட்டுக் குரல் பதிந்த கேசட்டுகளில் அதை உடைத்துவிடுங்கள், அதன்பிறகு யாரும் தவறிப்போய் அதன்மேல் பதிய முடியாது. நாடா தொய்ந்திருந்தால் பேனாவைச் செருகிச் சுற்றி இறுக்குங்கள். பிளேயரைச் சரிசெய்து, அதன் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிளைக் கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்குக் கொடுங்கள். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் பதியுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு வேவ் கோப்பு 600 எம்பி அளவில் வரும். யார் குரல், எந்த ஊர், எந்த வருஷம் என்று கோப்புக்குப் பெயர் வையுங்கள். இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். அதன் பிறகும் கேசட்டை எறியாதீர்கள்.

கம்ப்யூட்டர் தெரியாது என்றால் பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களுக்கு இது ஒரு மதியத்து வேலை. பெல்ட் மாற்றத் தெரியாது என்றால் ரேடியோ மெக்கானிக்கிடம் போங்கள். அந்தக் கடைகள் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன, திறந்திருக்கும்போதே போய்விடுங்கள்.